ஊரைத் தாங்கும் கரித்தூண்கள்

ஊருக்கு அடியில் நிலக்கரி வெட்டும்போது மேலே உள்ள கட்டடங்களைக் காக்க மூன்று வழிகள் உண்டு. கரியின் ஒரு பகுதியைத் தூண்களாக விட்டுவைக்கலாம். வெட்டிய இடத்தை மணலோ சாம்பலோ கொட்டி நிரப்பலாம். அல்லது கரி முழுவதையும் எடுத்துக் கூரையை விழவிட்டு, நிலம் எவ்வளவு இறங்கும் என்று முன்கூட்டியே கணக்கிட்டு அதற்கேற்ப மேலே உள்ளவற்றைத் தயார் செய்யலாம். இந்தியாவின் பழைய நிலக்கரி வயல்களான ஜரியாவிலும் ராணிகஞ்சிலும் முதல் வழியே நெடுங்காலம் பெருவழக்காக இருந்தது. செலவு குறைவு, வேலை எளிது, வெட்டுகிற காலத்தில் தரையும் அசைவதில்லை. ஆனால் சுற்றிலும் வெற்றிடத்தை நிரப்பாமல் விட்ட தூணை நிரந்தரத் தாங்கலாக எண்ணியது பெரும் பிழை என்பதே என் கருத்து. அந்தத் தூண் சரிவைத் தடுப்பதில்லை. அதன் நாளைத் தள்ளிப்போடுகிறது, பொறுப்பையும் அடுத்த தலைமுறையின் தலையில் கட்டுகிறது.

இந்த முறையின் பலத்தை மறுக்கவில்லை. சுரங்கப் பாதைகளின் அகலம் 4.8 மீட்டரையும் உயரம் 3 மீட்டரையும் தாண்டக் கூடாது, ஆழம் கூடக் கூடத் தூணும் பெரிதாக வேண்டும் என்று 1957-ஆம் ஆண்டின் நிலக்கரிச் சுரங்க விதிகள் வரையறுத்தன. அந்த அளவுகளை மதித்து வெட்டிய இடங்களில் தூண்கள் பல பத்தாண்டுகள் நிற்கின்றன. தூணின் வலிமையைக் கணக்கிடும் அறிவியலும் வளர்ந்தது, பெரும் விலை கொடுத்து. 1960 ஜனவரியில் தென்னாப்பிரிக்காவின் கோல்புரூக் சுரங்கத்தில் நூற்றுக்கணக்கான தூண்கள் ஒன்றன்பின் ஒன்றாக நொறுங்கி 400-க்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மாண்டனர். ஒரு தூண் நொறுங்கினால் அதன் சுமை பக்கத்துத் தூண்களின் மேல் ஏறும், அவையும் தாங்காது. அந்த விபத்துக்குப் பிறகு சாலமன், மன்ரோ என்ற இரு ஆய்வாளர்கள் நிலைத்து நின்ற 98 இடங்களையும் சரிந்த 27 இடங்களையும் ஒப்பிட்டு, 1967-இல் தந்த சூத்திரம் இன்றும் உலகெங்கும் பயன்படுகிறது. ஆனால் எந்தச் சூத்திரமும் தூணின் அகலமும் உயரமும் நாம் எழுதி வைத்தபடியே இருக்கும் என்று நம்பித்தான் விடை சொல்கிறது.

ஜரியாவில் அந்த நம்பிக்கைக்கு இடமே இல்லாமல் போயிற்று. 1970-களின் தொடக்கத்தில் அரசுடைமை ஆகும் முன்பு, தனியார் முதலாளிகள் பலர் தூண்களையே சுரண்டி எடுத்தனர். பல பழைய குடைவுகளுக்குச் சரியான வரைபடம்கூட இல்லை. காற்றும் ஈரமும் பட்ட தூண் ஓரங்களில் உதிர்ந்து மெலியும். எல்லாவற்றுக்கும் மேலாக, அந்தத் தூண் கல்லோ கான்கிரீட்டோ அல்ல, கரி. காற்றுப் பட்டால் தானே சூடேறி எரியக்கூடியது, விலை போகக்கூடியது. 1916-இல் முதன்முதலாகக் கண்டறியப்பட்ட ஜரியாத் தீ இன்னும் முழுதாக அணையவில்லை. நிலத்தடித் தீயால் ஆபத்து என்று 2017 ஜூனில் தன்பாத்–சந்திரபுரா ரயில் பாதையையே மூட நேர்ந்தது. 2019-இல்தான் அதில் மீண்டும் வண்டிகள் ஓடின. சரிவுக்குக் காரணம் தீயும் திருட்டு வெட்டும்தான், தூண் முறையைக் குறை சொல்லலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தீக்கு விறகும், திருடுவதற்குப் பொருளும், இரண்டும் உள்ளே நுழையத் திறந்த பாதையும் விட்டு வைத்தது அந்த முறைதான்.

கூரையை விழவிடும் மூன்றாம் வழி கேட்பதற்குக் கொடுமையாகத் தோன்றும். ஆனால் அதில் நிலம் எப்போது, எவ்வளவு இறங்கும் என்பது பெரும்பாலும் தெரியும். பிரிட்டனின் தேசிய நிலக்கரி வாரியம் வெளியிட்ட கையேடு, கரிப்படலத்தின் தடிமனில் 90 சதவீதம் வரை தரை இறங்கலாம் என்று கணக்குக் காட்டியது. வீட்டை உடைப்பது இந்த இறக்கம் அல்ல, ஏற்றத்தாழ்வாக இறங்குவதுதான். வெட்டுமுகம் நெருங்கும்போது நிலம் இழுபட்டு ஜன்னல் மூலையிலிருந்து சுவர் விரிசல் விடும். அது கடந்து போனதும் நிலம் நெருக்குண்டு அதே விரிசல் மூடிக்கொள்ளும், தரை ஓடுகள் மேலே புடைக்கும். பிறகு அசைவு அடங்கிவிடும், பழுது பார்க்கலாம். ஜெர்மனியின் டூயிஸ்பர்க் துறைமுகத்தை 1950-களிலும் 60-களிலும், அடியிலிருந்த கரியைத் திட்டமிட்டு எடுத்தே கிட்டத்தட்ட 2 மீட்டர் இறக்கினார்கள். ரைன் ஆற்றின் படுகை அரித்துத் தாழ்ந்ததால் அந்த இறக்கம் துறைமுகத்துக்குத் தேவையாகவும் இருந்தது. ஆனால் டூயிஸ்பர்க் அமைந்துள்ள ரூர் பகுதியில் சில இடங்கள் 20 மீட்டருக்கும் மேல் தாழ்ந்துவிட்டன. மழைநீரும் சுரங்க நீரும் தேங்காமல் இருக்க அங்கே என்றென்றும் பம்பு ஓட வேண்டும். அங்கே கடைசி நிலக்கரிச் சுரங்கம் 2018 டிசம்பரில் மூடப்பட்ட பிறகும் பம்பு நிற்கவில்லை. இந்த முடிவில்லாப் பணிகளுக்கு ஆண்டுக்கு 20 கோடி யூரோவுக்கு மேல் ஆகிறது, அதற்கென்றே ஓர் அறக்கட்டளை இருக்கிறது. அஸ்திவாரம் சரியில்லாத நெருக்கமான குடியிருப்புகளும், அப்படிப் பணம் ஒதுக்கும் ஏற்பாடு இல்லாத நிர்வாகமும் உள்ள இடத்துக்கு இந்த வழியை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

மிஞ்சுவது நிரப்புதல். இது இந்தியாவுக்குப் புதிதல்ல. மணல் நிரப்புவதற்கென்றே 1939-இல் சட்டம் வந்தது. தாமோதர் ஆற்று மணலைத் தண்ணீரில் கலந்து குழாய் வழியே இறக்கி நிரப்பிய இடங்களில், தரை இறக்கம் படலத் தடிமனில் சுமார் 5 சதவீதத்தோடு நின்றது. பாதைகள் அடைபடுவதால் காற்றும் தீயும் புகுவதும் குறையும். செலவு அதிகம், ஆற்று மணலும் அருகிவிட்டது என்ற எதிர்வாதத்தில் நியாயம் உண்டு. ஆற்றைச் சுரண்டி ஊரைக் காப்பது தீர்வாகாது. ஆனால் திறந்தவெளிச் சுரங்கங்களின் மேல்மண்ணும் அனல்மின் நிலையங்களின் சாம்பலும் அதே பகுதியில் மலையாகக் குவிந்து கிடக்கின்றன. நொறுக்கிய பாறையையும் சாம்பலையும் நிரப்பப் பயன்படுத்தும் தொழில்நுட்பம் இருக்கிறது. செலவுக் கணக்குப் போடுபவர்கள் நிரப்பாததன் செலவையும் சேர்க்க வேண்டும். ஜரியாவில் ஆபத்தான 595 இடங்களைப் பட்டியலிட்டு, தீயணைப்புக்கும் மறுகுடியமர்த்தலுக்கும் 2009-இல் ஒப்புக்கொண்ட திட்டத்தின் மதிப்பு சுமார் 7,112 கோடி ரூபாய். அது முடியாமல், 2025 ஜூனில் 5,940 கோடிக்குத் திருத்திய திட்டம் வந்தது.

தொழில்நுட்பத்தைவிடச் சட்டம்தான் பின்தங்கி நிற்கிறது. ரயில் பாதைக்கோ பிறர் கட்டடத்துக்கோ 45 மீட்டருக்குள் வெட்டத் தனி அனுமதி வேண்டும் என்றன 1957 விதிகள். நிலம் இறங்கும் பரப்பு ஆழத்தோடு விரிகிறது. அது விரியும் கோணம் செங்குத்திலிருந்து 20 டிகிரி என்று வைத்துக்கொண்டாலே, 300 மீட்டர் ஆழத்தில் வெட்டும்போது பாதிப்பு பக்கவாட்டில் 100 மீட்டரைத் தாண்டும். எனவே எல்லா ஆழத்துக்கும் ஒரே தூரம் என்பது பொருந்தாது. ஜெர்மானியச் சுரங்கச் சட்டமோ, பாதிப்புப் பரப்புக்குள் ஒரு வீடு சுரங்கச் சேதத்துக்குரிய வகையில் விரிசல் விட்டால் சுரங்கமே காரணம் என்று அனுமானிக்கிறது. மறுக்க வேண்டியது நிறுவனத்தின் வேலை. பிரிட்டனின் 1991-ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படித்தான். இப்படிச் செய்தால் பொய் வழக்குகள் குவியும் என்பார்கள். வெட்டுவதற்கு முன்பே ஒவ்வொரு வீட்டையும் அளந்து படம் எடுத்துப் பதிவு செய்தால் பொய்க்கு இடம் குறையும். குடைவின் வரைபடம் நிறுவனத்தின் கையில் இருக்க, அதைப் பார்த்தே அறியாத வீட்டுக்காரரிடம் ஆதாரம் கேட்பது அநீதி.

மேலே மக்கள் குடியிருக்கும் இடத்தில், வெற்றிடத்தை நிரப்பும் திட்டமும் அதற்கான பணமும் முன்கூட்டியே காட்டாத எந்தச் சுரங்கத்துக்கும் இனி அனுமதி தரக் கூடாது. ஏற்கெனவே விட்டுவைத்த தூண்களின் வரைபடங்களை, அவற்றின் மேல் வாழ்பவர்கள் பார்க்கும்படி அரசு வெளியிட வேண்டும்.