முகமூடிக்குள் ஒரு தலைவலி: நான்கு ஆய்வுகள் பற்றி ஒரு மதிப்பீடு

வேலை முடிந்து முகமூடியைக் கழற்றும் செவிலியின் மூக்கிலும் கன்னங்களிலும் பட்டையின் தடம் சிவந்து தெரிகிறது. "தலை வலிக்கிறது, தோல் அரிக்கிறது" என்று அவர் சொன்னால் அறிவியல் என்ன விடை தருகிறது? இவ்வினாவைத் தொட்ட நான்கு ஆய்வுகளை இங்கு எடைபோட்டுப் பார்ப்போம்.

முதல் இரண்டும் சிங்கப்பூரில் நடந்தவை. 2003-ஆம் ஆண்டு அங்கே சார்ஸ் நோய் 238 பேரைத் தாக்கியது. 33 பேர் மாண்டனர். நோயுற்றவர்களில் மருத்துவப் பணியாளர் பலர். ஆகவே 0.3 மைக்ரான் அளவுள்ள துகள்களில் குறைந்தது 95 விழுக்காட்டைத் தடுக்கவல்ல என்-95 முகமூடி அவர்களுடைய அன்றாடக் கவசமாயிற்று. 2006-இல் வெளிவந்த தோல் ஆய்வில், அதை வழக்கமாக அணிந்த 307 பேரில் 109 பேர் பரு, அரிப்பு, தடிப்பு முதலிய தொல்லைகளைத் தெரிவித்தனர். அதே ஆண்டு வெளிவந்த மற்றோர் ஆய்வில் 212 பேரில் 79 பேர் தலைவலியைக் குறிப்பிட்டனர். அந்த 79 பேரில் 47 பேர் வலி மாத்திரையை நாடினர். 6 பேர் விடுப்பே எடுத்தனர்.

வெறும் முணுமுணுப்பாக இருந்ததை எண்ணிக்கையாக மாற்றியது இவ்வாய்வுகளின் தொண்டு. ஆனால் இரண்டும் வினாத்தாளை நம்பியவை. தொல்லைப்பட்டவர் ஆர்வத்தோடு விடை எழுதுவார். தொல்லை இல்லாதவர் தாளை ஒதுக்கிவிடக்கூடும். நினைவும் சில வேளைகளில் ஏமாற்றும்.

மூன்றாவது ஆய்வும் சிங்கப்பூரைச் சேர்ந்ததே. கோவிட் பரவிய 2020-இல் வெளிவந்தது. இதில் 158 பேரில் 128 பேர், அதாவது 81 விழுக்காட்டினர், கவசம் அணிந்தபின் புதிதாகத் தலைவலி தோன்றியதாகக் கூறினர். முன்பு 37 விழுக்காடு; பின்பு 81. முகமூடி கெட்டுவிட்டதா? அப்படி முடிவு கட்டுவது அவசரம். இம்முறை முகமூடியோடு கண்ணாடிக் கவசமும் சேர்ந்து கணக்கிடப்பட்டது. தலையைச் சுற்றிய பட்டைகள் நெடுநேரம் அழுத்தினால் வலி தோன்றும் என்பது மருத்துவம் ஒப்புக்கொண்ட உண்மை. தூக்கக் குறைவு, நீர் அருந்த இயலாமை, மன அழுத்தம் ஆகியவற்றின் பங்கு எவ்வளவு? வினாத்தாளால் இவற்றைப் பிரித்துக்காட்டுவது கடினம். எனினும் ஒரு செய்தி பயனுடையது: நாளொன்றுக்கு நான்கு மணி நேரத்திற்கு மேல் கவசம் அணிந்தவர்களிடையே தலைவலி மிகுதி.

நான்காவது, 2010-இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வு. இது வினவவில்லை, அளந்தது. மருத்துவப் பணியாளர் 10 பேர் என்-95 அணிந்து, ஓடுபொறியில் ஒரு மணி நேரம் மெதுவாக நடந்தனர். இதயத் துடிப்பிலோ, மூச்சு வேகத்திலோ, இரத்தத்தின் ஆக்சிஜன் செறிவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் இல்லை. முகமூடிக்கும் முகத்துக்கும் இடைப்பட்ட சிறு வெளியில் மட்டும் கார்பன்-டை-ஆக்சைடு மிகுந்தும் ஆக்சிஜன் குறைந்தும் காணப்பட்டன. இதைப் பிடித்துக்கொண்டு "முகமூடி மூச்சைத் திணறடிக்கும்" என்று முழங்குவோர் உண்டு. அது தவறு. அச்சிறு வெளியில் தங்குவது நாம் வெளிவிட்ட மூச்சே; உள்ளிழுக்கும்போது அதனுடன் வெளிக்காற்று பெருமளவில் கலந்துவிடுகிறது. ஆயின் இவ்வாய்வுக்கும் குறை உண்டு. பத்துப் பேர் நலமாக ஒரு மணி நேரம் நடந்தது, ஏழெட்டு மணி நேரம் தீவிர சிகிச்சைப் பிரிவில் நிற்பவருக்குச் சான்றாகாது.

ஆக, வினவியவர்கள் அளக்கவில்லை. அளந்தவர்கள் நெடுநேரம் காத்திருக்கவில்லை. ஒரே பணியாளரை முழு வேலைநேரமும் தொடர்ந்து, பட்டையின் அழுத்தம், அருந்திய நீர், ஓய்வு, வலி ஆகிய நான்கையும் சேர்த்துப் பதிவு செய்யும் ஆய்வே இவ்வழக்கைத் தீர்க்கும்.

ஒன்றை மறக்கலாகாது. இரத்தத்தில் ஆக்சிஜன் குறையவில்லை என்பதால் செவிலியின் வலி பொய்யாகிவிடாது. வலி மெய் என்பதால் முகமூடி வேண்டாததும் ஆகிவிடாது. முகத்துக்குப் பொருந்தும் அளவும், இடையிடையே பாதுகாப்பான இடத்தில் கழற்றி இளைப்பாற நேரமும் தருவதற்கு மேலும் ஓர் ஆய்வு வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நம்மைக் காக்க அதை அணிபவருக்கு நாம் செலுத்தவேண்டிய கடன் அது.