இலைக்கு ஓர் ஒளி, கண்ணுக்கு ஓர் ஒளி

நன்னீர்ச் செடித் தொட்டிக்கு எந்த விளக்கு வாங்கலாம் என்று கேட்டால், கடைக்காரர் உடனே வாட் கணக்கில் பதில் சொல்லிவிடுவார். அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: எந்தப் பாணித் தொட்டி? செடி வளர்ப்புக்கு இன்று தனித்தனிப் பாணிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் விளக்கிடம் வேறு வேறு வேலையை எதிர்பார்க்கிறது. தொட்டிக்கு மேலே எரியும் விளக்கு இலைக்கு உணவும் தர வேண்டும், பார்ப்பவர் கண்ணையும் நிறைக்க வேண்டும். இந்த இரண்டில் எதற்கு எவ்வளவு இடம் என்பதில்தான் பாணிகள் பிரிகின்றன.

மூத்தது டச்சுப் பாணி. நெதர்லாந்தில் தொட்டி என்பது வரவேற்பறையின் மரச்சாமான்களில் ஒன்று. விளக்கு, கம்பி எல்லாம் மேல்மூடிக்குள் மறைந்திருக்கும். கல்லும் கட்டையும் பின்னுக்குப் போய், செடிகளே கொத்துக் கொத்தாக வரிசை கட்டி நிற்கும். முன்னால் தாழ்வாகத் தொடங்கிப் பின்னால் உயர்ந்துகொண்டே போகும் ஒரு வரிசைக்கு 'லெய்டன் தெரு' என்று பெயர். லொபீலியா கார்டினாலிஸ் அதற்கு வாகான செடி. ஒரு கொத்தின் பச்சைக்கும் அடுத்த கொத்தின் பச்சைக்கும் வேறுபாடு தெரிய வேண்டும். சிவப்புச் செடி அளவோடு, சரியான இடத்தில் நிற்க வேண்டும். அங்கே போட்டி நடுவர்கள் வீட்டுக்கே வந்து தொட்டியின் முன் அமர்ந்து மதிப்பெண் போடுவார்கள். ஆகவே நேரில் பார்க்கும் கண்ணுக்கு நிறம் பிசகாமல் தெரிவது அங்கே அடிப்படைத் தகுதி. மூடிக்குள் வரிசையாகக் கிடந்த டியூப்லைட்டுகள் இதற்குப் பொருத்தமாக அமைந்தன. வெதுவெதுப்பான மஞ்சள் சாயல் டியூப் ஒன்று, பகல் வெண்மை டியூப் ஒன்று என்று கலந்து போட்டால் பச்சையும் சிவப்பும் ஒன்றையொன்று விழுங்காமல் நிற்கும். எங்கும் சமமாகப் பரவும், நிழல் குறைந்த ஒளி அது. தெருத்தெருவாக நடப்பட்ட செடிக்கு அதுவே வேண்டியது.

ஜப்பானின் நீகாட்டா ஊரைச் சேர்ந்த தகாஷி அமானோ இதை அப்படியே திருப்பிப் போட்டார். 1954இல் பிறந்தவர்; சைக்கிள் பந்தய வீரராக இருந்தவர்; பெரிய ஃபிலிம் கேமராக்களைத் தூக்கிக்கொண்டு மழைக்காடுகளைப் படம் பிடித்தவர். 1982இல் சொந்த நிறுவனம் தொடங்கினார். 1992இல் வந்த அவருடைய படநூல் உலகெங்கும் செடித் தொட்டியின் முகத்தையே மாற்றியது. மேல்மூடியைக் கழற்றி எறிந்ததுதான் அவர் செய்த பெரிய காரியம் என்பேன். மூடி போனதும் விளக்கு கூரையிலிருந்து தொங்கத் தொடங்கியது. அவர் விரும்பிப் பயன்படுத்தியது 150 வாட் மெட்டல் ஹாலைடு; பச்சைச் சாயல் கொண்ட, 8,000 கெல்வின் பல்பு.

டியூப்லைட்டுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டைத் தொட்டியின் அடியில் பார்க்க வேண்டும். டியூப் நீளமானது, அதன் ஒளி நாலா பக்கமிருந்தும் வந்து நிழலை அழித்துவிடும். மெட்டல் ஹாலைடில் ஒளி ஒரு சிறு புள்ளியிலிருந்து புறப்படுகிறது. நீர்ப்பரப்பு சற்று அசைந்தாலும் போதும், அலையின் ஒவ்வொரு மடிப்பும் லென்ஸாகி, மணலில் ஒளிக்கோடுகள் வலைபோல ஓடும். கல்லுக்குப் பின்னால் நிஜமான நிழல் விழும். ரிக்சியாவில் ஒட்டியிருக்கும் பிராணவாயுக் குமிழ் ஒவ்வொன்றும் தனியாக மின்னும். மிதக்கிற செடியான ரிக்சியாவைக் கல்லில் கட்டி நீருக்கடியில் புல்வெளியாக்கியவரும் அமானோதான். அந்தக் காட்சியைக் காட்டிக்கொடுக்கப் புள்ளி விளக்கு வேண்டியிருந்தது. இதற்குக் கொடுக்கும் விலை வெப்பம்: மெட்டல் ஹாலைடு நீரைச் சூடேற்றும், மின்சாரத்தையும் விழுங்கும். கோடையில் தொட்டி நீர் 30 பாகையைத் தாண்டும் நம் ஊரில் அது ஒத்துவராத விளக்கு. அமானோ 2015இல் மறைந்தார். அதே ஆண்டு லிஸ்பன் மீன்காட்சியகத்தில் திறக்கப்பட்ட 40 மீட்டர் நீளத் தொட்டி அவருடைய கடைசிப் பெரும் படைப்பு.

அவர் 2001இல் தொடங்கிவைத்த உலகப் போட்டி புகைப்படத்தை வைத்து நடப்பது. இதன் விளைவு சாதாரணமல்ல. படம் எடுக்கும் நொடியில் கூடுதல் ஒளி பாய்ச்சலாம். அன்றாடம் எரியும் விளக்கு வேறாக இருக்கலாம். அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு அதே பளிச்சென்ற ஒளியைத் தினம் 10 மணி நேரம் வீட்டில் எரியவிட்டால் கிடைப்பது பாசிதான். புதிதாக வருபவர்களிடம் நான் முதலில் சொல்வது இதைத்தான்.

டச்சு, அமானோ பாணிகள் இரண்டுக்கும் எதிர்த்திசையில் நிற்பது அமெரிக்கரான டயானா வால்ஸ்டாட் வகுத்த இயற்கை முறை. அவருடைய நூல் 1999இல் வந்தது. அடியில் தோட்ட மண், மேலே மெல்லிய சரளை, ஜன்னலோரம் ஒரு தொட்டி, கூடவே எளிய டியூப். கரியமில வாயு சிலிண்டர் கிடையாது. மண்ணில் மக்குவதும் மீன் கழிவும்தான் ஊட்டம். அதற்கு ஏற்ற அளவு ஒளியே போதும் என்பது அவர் கட்சி. ஜெர்மானியர்கள் 1980களில் அடித்தளச் சூடு, செம்பொறை மண் என்று தொழில்நுட்பத்தில் இறங்கினார்கள். விளக்கு பற்றி அவர்களிடமிருந்து இங்கே எடுத்துக்கொள்ள அதிகமில்லை.

டென்மார்க்கிலிருந்து வந்த ஓர் ஆய்வை மட்டும் விட்டுவிட்டுப் போக முடியாது. அதே ரிக்சியாவை வைத்து அங்குள்ள ஆய்வாளர்கள் ஒளியையும் கரியமில வாயுவையும் மாற்றி மாற்றிக் கொடுத்துப் பார்த்தார்கள். மங்கிய ஒளியிலேயே வைத்து, வாயுவை மட்டும் கூட்டியபோதும் வளர்ச்சி பல மடங்கானது. வாயு தாராளமாகக் கிடைக்கும்போது அதைப் பிடிக்கச் செடி அதிகம் செலவிட வேண்டாம். மிச்சத்தைப் பச்சையத்தில் போட்டுக் குறைந்த ஒளியையும் நன்றாகப் பயன்படுத்திக்கொள்கிறது. விளக்கு மட்டும் பெரிதாகி வாயுவும் உரமும் பின்தங்கினால், செடி திணறும் இடத்தில் பாசி நுழையும். எனவே முதலில் செடி, பிறகு வாயு தருகிறோமா இல்லையா என்ற முடிவு, அதற்குப் பிறகே விளக்கு. எந்தப் பாணிக்காரரும் இந்த வரிசையை மீற முடியாது.

அளவுகோல்களுக்கு வருவோம். கேலன் ஒன்றுக்கு 2 வாட் என்ற பழைய அமெரிக்க விதி தடித்த டியூப்லைட் காலத்தது. ஒரு வாட்டுக்கு எவ்வளவு ஒளி என்பது விளக்குக்கு விளக்கு மாறும் இன்று அதற்கு உயிரில்லை. லூமன் அதைவிட நல்லது. லிட்டருக்கு 10 முதல் 20 லூமன் என்றால் எளிய செடிகள், 20 முதல் 40 நடுத்தரம், அதற்கு மேல் கம்பளச் செடிகளும் கடுஞ்சிவப்புச் செடிகளும். ஆனால் லூமன் மனிதக் கண்ணின் கணக்கு; 555 நானோமீட்டர் பச்சையில் கண் அதிகக் கூர்மை கொள்வதால் பச்சைக்கு அதிக மதிப்புப் போடுகிறது. இலையின் கணக்கு 400 முதல் 700 நானோமீட்டர் வரை வரும் ஒளித்துகள்களின் எண்ணிக்கை. இதைத்தான் ஆங்கில முதலெழுத்துகளால் 'பார்' என்கிறார்கள். அடிமண்ணில் 30 மைக்ரோமோல் இருந்தால் பெரும்பாலான செடிகள் வாழும். 50ஐத் தாண்டினால் வாயு இல்லாமல் சமாளிப்பது கடினம். வெப்பமண்டல நண்பகல் வெயில் ஏறத்தாழ 2,000 என்பதை நினைத்துக்கொண்டால், தொட்டி எவ்வளவு நிழலான இடம் என்பது விளங்கும்.

பார் அளக்கும் கருவி விலை அதிகம். அதற்குக் கைபேசியில் ஒரு மாற்று வழி உண்டு. தண்ணீர் விடுவதற்கு முன், காய்ந்த தொட்டியின் அடியில் கைபேசியை வைத்து லக்ஸ் காட்டும் செயலியைத் திறக்கலாம். குளிர் வெண்மை டியூபுக்கு ஏறக்குறைய 74 லக்ஸ் ஒரு மைக்ரோமோலுக்குச் சமம், வெள்ளை எல்.இ.டி.க்கும் அதன் அருகிலேயே வரும். எனவே 2,200 லக்ஸ் காட்டினால் 30 மைக்ரோமோல் என்று வைத்துக்கொள்ளலாம். மூலையில் ஓர் அளவு, நடுவில் ஓர் அளவு எடுத்துப் பார்த்தால், ஒற்றைப் பட்டை விளக்கு மூலைகளை எப்படிப் பட்டினி போடுகிறது என்பதும் தெரிந்துவிடும்.

செடிக்கு நீலமும் சிவப்பும் மட்டும் போதும், பச்சை வீண் என்று சொல்லி ஊதா விளக்கை விற்பவர்கள் இருக்கிறார்கள். கீத் மெக்கிரீ 22 பயிர்களின் இலைகளை நிறம் நிறமாக அளந்து 1972இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தீர்த்துவைத்துவிட்டது: சிவப்பு முதலிடம், ஆனால் பச்சை ஒளியிலும் இலை நன்றாகவே உழைக்கிறது. நீலம் மிகுந்த பவளத் தொட்டி விளக்கும் நமக்கு வேண்டாம். அது கடலாழத்து ஒளியைக் காட்டச் செய்தது. கெல்வின் எண் கண்ணுக்குத் தோன்றும் சாயலை மட்டுமே சொல்லும். 6,500 கெல்வின் என்று எழுதிய இரண்டு விளக்குகளின் நிறக்கலவை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. பழைய டியூபின் முனையில் அச்சிட்ட 865, 965 போன்ற எண்கள் இதைவிடத் தெளிவாகப் பேசின. முதல் இலக்கம் நிறத்தை எவ்வளவு உண்மையாகக் காட்டும் என்பதற்கு: 8 என்றால் 80களில், 9 என்றால் 90களில். அடுத்த இரண்டும் கெல்வினுக்கு. இன்றைய மலிவு எல்.இ.டி.யில் பொது மதிப்பெண் 80 இருந்தும் அடர்சிவப்புக்கான தனி மதிப்பெண் மிகத் தாழ்ந்திருக்கும். செடி நன்றாக வளரும். ஆனால் சிவப்பு ரொட்டாலா செங்கல் பழுப்பாகத் தெரியும். மூன்று நிறத் துகள்களைக் கலக்கும் ஆர்.ஜி.பி. விளக்கு நேர்மாறு: நிறத்தைத் தூக்கிக் காட்டும், சில நேரம் உள்ளதைவிட அதிகமாகவே. டச்சு நடுவர் கண்ணோடு பார்த்தால் அது குறை. படம் பிடிப்பவருக்கு வரம்.

நம் வீடுகளில் அதிகம் இருப்பது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரத் தொட்டி. கொள்ளளவு 56 லிட்டர் சொச்சம். சென்னை கொளத்தூர்க் கடைகளில் இதற்கென்றே விளக்குகள் உண்டு. வாட்டுக்கு 100 லூமன் தரும் இரண்டடி எல்.இ.டி. பட்டை 10 வாட் வீதம் இரண்டு மாட்டினாலும் 2,000 லூமன் வந்துவிடும். லிட்டருக்கு 35 பக்கம். வாயு இல்லாத தொட்டிக்கு ஒரு பட்டையே போதும். இரண்டாவதை வாயு சேர்த்த பிறகு எரியவிடலாம். மின்சாதனம் தண்ணீருக்கு மேலே தொங்குவதால், ஈரம் புகாத உறை இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள். கம்பி பிளக்குக்குப் போகும் முன் தாழ்ந்து வளைந்து வரட்டும், வழியும் நீர் அங்கேயே சொட்டிவிடும்.

செடிகளில் நம் பக்கத்துச் செல்வங்களை ஏனோ நாம் அதிகம் மதிப்பதில்லை. உலகெங்கும் விற்கும் கிரிப்டோகொரைன் வென்டியும் பெக்கட்டியும் இலங்கையின் நிழல் ஓடைகளில் மட்டும் இயற்கையாக வளர்பவை. ஓர் எளிய பட்டை விளக்கு அவற்றுக்கு நிறைவு. ஆனால் பழைய டியூபை எடுத்துவிட்டு ஒரே நாளில் பெரிய எல்.இ.டி. மாட்டினால் இலைகள் கூழாகக் கரைந்துவிடும். கிழங்கு பிழைத்திருக்கும்; பிடுங்கி எறியாமல் விட்டுவைத்தால் புது ஒளிக்குப் பழகிய இலைகள் வரும். தென்னிந்தியாவின் ரொட்டாலா மக்ராண்ட்ரா மறுமுனை: ஒளி, வாயு, இரும்பு எல்லாம் கேட்கும்.

கடைசியாக நேரம். புதுத் தொட்டிக்கு 6 மணி நேரம், செடி வேர் பிடித்தபின் 8. ஒரு டைமர் வாங்கிவிடுங்கள். விளக்கின் தரத்தைவிட நேரம் தவறாமை பல தொட்டிகளைக் காப்பாற்றியிருக்கிறது. வாயு தராத தொட்டிக்கு வால்ஸ்டாட் சொல்லும் மதிய இடைவேளை மிக நல்ல வழி: காலையில் சில மணி நேரம், நடுவில் 4 மணி நேரம் அணைப்பு, மாலையில் மீண்டும். காலை ஒளியில் தீர்ந்த கரியமில வாயு அந்த இடைவேளையில் நீரில் மறுபடி சேர்ந்துகொள்ளும். வேலைக்குப் போகிறவர்களுக்கும் இது வசதி. இடைவேளை பகலில் கழிந்துவிடும், விளக்கு எரியும் நேரம் வீட்டில் ஆள் இருக்கும் காலையிலும் மாலையிலும் வரும்.