மதுரைக்கு வந்த கலாநிதியும் மண்ணுக்குப் போன ஏடுகளும்

இரு நாட்டுப் பல்கலைக்கழகங்கள் ஒப்பந்தம் செய்துகொண்டன என்னும் செய்தி இப்போதெல்லாம் அடிக்கடி கண்ணில் படுகிறது. துணைவேந்தர்கள் பொன்னாடை போர்த்திக்கொள்கின்றனர், நினைவுப் பரிசுகள் கைமாறுகின்றன, படமும் வெளியாகிறது. ஓராண்டு கழித்து, அதனால் விளைந்த நூல் எது, பயின்ற மாணவர் யார் என்று கேட்பார் இல்லை. இத்தகைய ஆரவாரம் எதுவுமின்றி நடந்த ஒரு வருகை நம் சமுதாயத்துக்குப் பெரும்பயன் விளைத்தது. இலங்கையைச் சேர்ந்த மர்ஹூம் கலாநிதி ம. மு. உவைஸ் அவர்கள் 1979-ஆம் ஆண்டில் மதுரை காமராசர் பல்கலைக்கழகத்தில் இஸ்லாமியத் தமிழ் இலக்கியப் பேராசிரியராக வந்து அமர்ந்ததையே குறிப்பிடுகிறேன். அன்னாரும் பீ. மு. அஜ்மல்கான் அவர்களும் சேர்ந்தெழுதிய இஸ்லாமியத் தமிழ் இலக்கிய வரலாற்றின் முதற்றொகுதியை அப்பல்கலைக்கழகம் 1986-இல் வெளியிட்டது. பின்வந்த தொகுதிகளையும் சேர்த்து அண்மையில் மறுபடி படித்தபோது எழுந்த எண்ணங்களை, புகழுரையாக அன்றி மதிப்புரையாக, ஈண்டு எழுதத் துணிகிறேன்.

உவைஸ் 1922-இல் பாணந்துறையில் பிறந்தவர். சுற்றிலும் சிங்களம் வழங்கும் ஊர் அது. தமிழ் அவருக்கு வீட்டுமொழி. இலங்கைப் பல்கலைக்கழகத்தில் அவருக்குத் தமிழ் கற்பித்தவர் விபுலாநந்த அடிகள். அவ்வடிகளோ 1931-இல் கடல் கடந்து சிதம்பரம் சென்று, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராக இருந்தவர். 1943-இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியராகவும் ஆனார். காரைதீவுத் துறவியார் சிதம்பரத்தில் கற்பித்துத் தாயகம் மீண்டு ஒரு முஸ்லிம் மாணவரை உருவாக்க, அம்மாணவர் பிற்காலத்தில் மதுரைக்கு வந்து கற்பித்தார். இவ்வளவும் எந்த ஒப்பந்தத் தாளும் இன்றி நடந்தவை. (நாம் 'முனைவர்' என்பதை அவர்கள் 'கலாநிதி' என்பார்கள். எனக்கு அவர்கள் சொல்லே இனிமையாகப் படுகிறது.)

அவர் வருமுன் நிலை என்ன? பள்ளிப் பாடநூல்களில் நாம் கண்ட இலக்கிய வரலாற்றில் உமறுப் புலவருக்கு ஒரு பத்தி, குணங்குடி மஸ்தான் சாகிபுக்கு இரண்டு வரி. அத்துடன் முஸ்லிம்களின் கணக்கு முடிந்துவிடும். யான் இருப்பது குமாரலிங்கபுரம். அருப்புக்கோட்டையிலிருந்து பந்தல்குடி வழியே தெற்கு நோக்கிப் போனால் உமறுப் புலவர் அடங்கியிருக்கும் எட்டயபுரம். இத்தனை அருகில் இருந்தும், சீறாவுக்கு முன்னே 1572-இல் ஆயிரம் மசலா என்றொரு நூல் இருந்ததை இப்பகுதியில் எத்தனை பேர் அறிந்திருந்தோம்? கிஸ்ஸா, மசலா, முனாஜாத்து, நாமா, படைப்போர் எனத் தமிழ் யாப்புக்குள் புதியனவாகப் புகுந்த இலக்கிய வகைகளை முறையாகப் பிரித்துக் காட்டி, இவையும் தமிழிலக்கியமே என்று பல்கலைக்கழக மேடையில் நிறுவியவர் உவைஸ். முஸ்லிம்கள் தமிழுக்குச் செய்த தொண்டு பற்றிய அவருடைய ஆங்கில நூல் 1953-லேயே கண்டியில் வெளிவந்துவிட்டது. கரையின் அப்பக்கம் நின்று பார்த்ததால்தான் காயல்பட்டினமும் கீழக்கரையும் கொழும்பும் காத்தான்குடியும் அவருக்கு ஒரே நூலகத்தின் அலமாரிகளாகத் தோன்றின என்பது என் கருத்து. உள்ளூரார்க்கு அந்தப் பார்வை வாய்க்கவில்லை.

இனிக் குறைகளைச் சொல்ல வேண்டும். நூல்களின் உள்ளடக்கத்தை எடுத்துரைப்பதில் ஆசிரியர்கள் காட்டிய ஊக்கத்தை அவற்றை எடைபோடுவதில் காட்டவில்லை. நல்ல காப்பியமும் நலிந்த காப்பியமும் ஒரே மரியாதையுடன் அடுத்தடுத்து வருகின்றன. முதன்முதலில் திரட்டுவோர்க்கு எதையும் விட மனம் வாராது என்பது உண்மையே. ஆயினும் படிப்பவன் சலிப்படைகிறான். இலக்கிய வகையை அடிப்படையாகக் கொண்டமையால் ஊரும் காலமும் பின்னுக்குப் போய்விட்டன. மாப்பிள்ளை லெப்பை ஆலிம் என நாம் போற்றும் செய்யிது முஹம்மது ஆலிம் (1816–1898) கீழக்கரையில் ஓதிக் கொடுத்தார். இலங்கைக்கும் சென்று தீனை எடுத்துரைத்தார். மகானி என்னும் சட்ட நூலை அரபுத் தமிழில் எழுதினார். கப்பலேறி வந்தவர், போனவர், அவர்தம் மாணவர், நூலைப் படியெடுத்தவர், அச்சுக்குப் பொருள் தந்த வணிகர் என்று ஒரு முழு உலகம் அவரைச் சூழ இருந்தது. வகைப்பாட்டின் சட்டகத்துக்குள் அவ்வுலகம் அடங்கவில்லை.

இவற்றினும் பெரிய குறை ஒன்று உண்டு. அது நூலாசிரியர்களுடையது அன்று. நம் கல்வி அமைப்பினுடையது. அரபுத் தமிழ் என்பது தமிழை அரபு எழுத்தில் எழுதும் முறை. அரபியில் இல்லாத ட, ப, ள முதலிய ஒலிகளுக்கு அரபு எழுத்துகளிலேயே புள்ளி சேர்த்துப் புதிய எழுத்துகளை நம் முன்னோர் ஆக்கிக்கொண்டனர். தமிழுக்கு அழகான லிபி இருக்க இது எதற்கு என்று கேட்கும் அறிஞர்கள் உளர். அவர்களுக்கு ஒரு சொல்லைக் காட்டுவேன். தமிழ் எழுத்தில் 'கல்பு' என்று எழுதினால் அது உள்ளமா, நாயா? அடிநாவிலிருந்து எழும் காஃபால் எழுதினால் உள்ளம். அதற்குச் சற்று முன்னே பிறக்கும் மற்றொரு காஃபால் எழுதினால் நாய். எழுத்தின் பெயரே தமிழில் ஒன்றாகிவிடுகிறது, பாருங்கள்! 'அலீம்' என்பதும் அப்படியே. ஐனில் தொடங்கினால் யாவும் அறிந்த இறைவன். அலிஃபில் தொடங்கினால் நோவினை தருவது. உள்ளத்தைத் தூய்மையாக்கு என்று பாடிய புலவரைத் தமிழ் லிபியில் அச்சிடுவோர் எந்த விபத்தில் தள்ளக்கூடும் என்பதை விளக்க வேண்டியதில்லை. ஆகவே இந்நூல்களைப் பதிப்பிக்க இரு கல்வி வேண்டும். பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்றவர்க்கு இந்த எழுத்துத் தெரியாது. மதரஸாவில் ஓதியவர்க்கு யாப்புத் தெரியாது. கடலுக்கு அப்பாலிருந்து ஒரு பேராசிரியரை வரவழைத்தோம், நன்று. பக்கத்துத் தெரு மதரஸாவில் இருக்கும் உஸ்தாதைப் பல்கலைக்கழகத்துக்குள் அழைத்து அமர்த்தும் வழக்கம் நம்மிடம் ஏற்படவில்லையே!

இதனால் வந்த நட்டத்தை என் வீட்டிலேயே கண்டேன். என் தந்தையாரின் தாயார் மாலைப் பாடல்களை அரபுத் தமிழ் ஏட்டைப் பார்த்துப் படிப்பார். தமிழ் லிபி அவருக்கு வராது. அவர் மவுத்தானபின் அந்த ஏடுகள் செல்லரித்துக் கிடந்தன. அரபு எழுத்தில் இருந்ததால் எவருக்கும் அவற்றைக் குப்பையில் இட மனம் வரவில்லை. கிழிந்த திருமறைப் பிரதிகளைச் செய்வதுபோல் கிணற்றில் விட எண்ணினர். அது கோடைக்காலம், எங்கள் வானம் பார்த்த பூமியில் நீருள்ள கிணறு கிடைக்கவில்லை. கபுருஸ்தானின் ஓரத்தில் குழி தோண்டிப் புதைத்தார்கள். அப்போது யான் ஓதிக்கொண்டிருந்த சிறுவன். குழியில் வைக்க அவற்றைச் சுமந்து சென்றவனும் யானே. புதைத்தது தமிழ் நூல் என்று அன்று எனக்கே தெரியாது.

ஆயிரம் மசலாவை எடுத்துக்கொள்வோம். அப்துல்லாஹ் இப்னு சலாம் (ரலி) அவர்கள் நபிகள் நாயகம் (ஸல்) அவர்களிடம் கேட்ட வினாக்களாக அமைந்த அந்நூல் மலாயிலும் ஜாவா மொழியிலும் உண்டு. அம்மூன்றையும் ஒன்றாக வைத்து ஆராய்ந்து ரோனித் ரிச்சி என்னும் பெண்மணி எழுதிய நூலைச் சிக்காகோ பல்கலைக்கழகம் 2011-இல் வெளியிட்டது. நம் புலவர் எழுதிய நூலுக்கு ஜாவாவில் உடன்பிறப்பு உண்டென்று, வேற்றுமொழியாளர் ஒருவர் தமிழ் கற்று வந்து நமக்குக் காட்டினார். நம் துறைகள் அந்நூலைப் பாடத்திட்டத்தில் வைத்ததோடு நின்றன.

1964 புயலில் தனுஷ்கோடி போயிற்று. இராமேசுவரம்–தலைமன்னார்க் கப்பலும் 1980-களில் நின்றது. இலங்கையில் மூண்ட போர் எஞ்சியிருந்த போக்குவரவையும் குறைத்தது. எனினும் இன்று ஒலுவிலில் தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே இஸ்லாமியக் கற்கைகளுக்கும் அரபு மொழிக்கும் தனிப் பீடமே உண்டு. அரபியும் தமிழும் அறிந்த இளைஞர் அங்கே ஒரே வகுப்பில் கிடைப்பர். நம் பக்கம் ஏடுகள் வீட்டுப் பரண்களில் கிடைக்கும். மதுரைக்கும் ஒலுவிலுக்கும் ஒப்பந்தம் செய்வதானால் அதில் கருத்தரங்கு என்னும் சொல்லே வேண்டாம். ஆண்டுக்கு இருவர் அங்கிருந்து வந்து, இங்குள்ள ஓர் ஆலிமுடனும் ஒரு தமிழாசிரியருடனும் அமர்ந்து, ஒரே ஒரு நூலை இரு லிபியிலும் பதிப்பித்துவிட்டுப் போகட்டும்.

சென்ற ஆண்டு ஆய்வு மாணவர் ஒருவர், இந்து இளைஞர், அரபுத் தமிழ் முனாஜாத்து ஒன்றின் நகற்படிகளுடன் என்னைத் தேடி வந்தார். யான் எழுத்துக் கூட்டிப் படிக்க, அவர் சீர் பிரித்தார். யான் வசனம் என்று நினைத்ததை அவர் விருத்தம் என்றார். அவர் ஊர்ப்பெயர் என்று குறித்திருந்தது மலக்கின் பெயர் என்று யான் திருத்தினேன். அஸருக்கு முன் நான்கு பக்கங்கள் முடிந்தன. இன்னும் பதினொரு பக்கங்கள் உள்ளன. மழைக்கு முன் மறுபடி வருவதாகச் சொல்லியிருக்கிறார்.