பஞ்சத்தில் பிறந்த கீர்த்தனைகள்

1876-78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்தை உள்ளடக்கிய பத்தாண்டில், அன்றைய சேலம் மாவட்டத்தின் மக்கள்தொகை ஏறத்தாழ 20 இலட்சத்தினின்று 16 இலட்சமாகச் சுருங்கியது. வாழப்பாடியின் மானாவாரி நிலங்களைக் காணுந்தோறும் இவ்வெண்கள் என் நெஞ்சை உறுத்தும்.

அக்கொடிய காலத்திற்கு இலக்கியச் சான்றாக நிற்பவை, மாயூரம் வேதநாயகம் பிள்ளை 1878இல் வெளியிட்ட 'சர்வ சமய சமரசக் கீர்த்தனைக'ளில் உள்ள பஞ்சப் பாடல்கள். அவற்றின் சிறப்பு யாது? அவை பஞ்சத்தை ஆசீர் என்று போற்றவில்லை; அதனைத் தீர்த்தருளுமாறு இறைவனிடம் முறையிடுகின்றன. முறையீடும் விசுவாசமே. கைவிடப்பட்டவனின் கதறலாய்த் தொடங்கும் திருப்பாடல் 22 புகழ்ச்சியாய் நிறைவுறுகிறதன்றோ? கத்தோலிக்கராகிய பிள்ளை, எச்சமயத்தாரும் பாடத்தக்க சொற்களையே தேர்ந்தார், பசிக்குச் சமயமில்லை. பாடியதோடு அமையாது, தம் பொருளையும் பசித்தோர்க்கு ஈந்தார்.

மழை பொய்த்த ஆண்டொன்றில், 'துன்பமே மறைவான அருள்' என்று நானும் மறையுரையாற்றியதுண்டு. இப்பாடல்கள் என்னைத் திருத்தின. பசித்தவனிடம் பசியை அருள் என்பது கொடுமை. அவன் கதறல் நம் கைகளைத் திறக்குமாயின், அங்கேதான் அருள் மறைந்திருக்கிறது. அதுவும் நமக்குப் பெருமையாக அன்று, அவனுக்கு உணவாக.