தொலைந்தது யாருக்கு?

2014 நவம்பரில் 'நேற்றிவ் நோத் அமெரிக்கா' என்றொரு பாடற்தொகுப்பு வெளிவந்தது. 1966 முதல் 1985 வரை கனடாவிலும் அலாஸ்காவிலும் ஆதிக்குடியினர் பாடிப் பதிவுசெய்த நாட்டார், கன்ட்றி, றொக் பாடல்கள் 34. 'லைற் இன் தி அற்றிக்' என்ற அமெரிக்க நிறுவனத்தின் வெளியீடு. தொகுத்தவர் கெவின் ஹவ்ஸ் வெறும் இசைத்தட்டுச் சேகரிப்பாளராக நின்றுவிடவில்லை. பாடியவர்களைத் தேடிப்போய்ப் பேசி, அவர்கள் வாய்மொழியையும் பாடல் வரிகளின் மொழிபெயர்ப்பையும் தடித்த கையேடாக இணைத்திருக்கிறார். தொகுப்பின் பெறுமதியில் பாதி அந்தக் கையேட்டிலேயே உள்ளது.

ஆயினும் விமர்சகர்கள் திரும்பத் திரும்பச் சொன்ன 'தொலைந்துபோன பாடல்கள்' என்ற சொற்றொடரை என்னால் ஏற்க முடியவில்லை. யாருக்குத் தொலைந்தன? சி.பி.சி.யின் வட பிராந்திய சேவை இவற்றிற் சிலவற்றை வானொலிக்கென்றே பதிவுசெய்தது. கடைக்கு வராத அத்தட்டுகள் நகரத்துச் சேகரிப்பாளருக்குத்தான் புதையல். சலுயிற்றில் 'சுக்லுக்' குழுவைக் கேட்டு வளர்ந்தவருக்கு அவை தொலையவில்லை.

வில்லி டண்ணை எடுத்துக்கொள்வோம். மிக்மாக் தாய்க்கு மொன்றியலிற் பிறந்தவர். கனடியத் திரைப்படச் சபைக்காக 1968 இல் அவர் இயக்கிய 'த பலட் ஒஃப் குறோஃபுற்' அவரது பாடலொன்றின்மேல் பழைய ஒளிப்படங்களை அடுக்கிச் செய்த பத்து நிமிடப் படம். கெனோரா வதிவிடப் பாடசாலையிலிருந்து 1966 இல் தப்பியோடி, ரயில் பாதையோரம் குளிரில் இறந்த 12 வயதுச் சிறுவன் சானி வென்ஜாக்கை (பாடசாலை அவனுக்கு இட்ட பெயர் சார்ளி) எழுபதுகளிலேயே அவர் பாடிவிட்டார். அச்சிறுவனின் கதையை நாடு பரவலாக அறிந்ததோ 2016 இல், கோர்ட் டவுணி என்ற புகழ்பெற்ற றொக் பாடகர் பாடியபோது. டண் 2013 இல் காலமாகியிருந்தார். அவரது தனித்தொகுப்பு 2021 இற்றான் வந்தது. பாடல் இருந்தது, கேட்கும் காதுதான் இருக்கவில்லை.

இன்னொன்று. கிற்றாரும் கன்ட்றி மெட்டும் வெள்ளையருடையவை, ஆகவே இது 'தூய' ஆதிக்குடி இசையல்ல என்பார் உளர். இனுவியாலுயிற் பாடகர் வில்லி திறாஷர் ஐந்து வயதில் வதிவிடப் பாடசாலைக்குக் கொண்டுபோகப்பட்டவர். பிறர் பாடல்களை வாசித்துக்கொண்டிருந்த அவரிடம், உன் சனத்தின் பாட்டை ஏன் பாடுவதில்லை என்று முதியவர் ஒருவர் கேட்டாராம். அவர் கிற்றாரைக் கீழே வைத்துவிடவில்லை; அதிலேயே தன் சனத்தைப் பாடினார். 1981 இல் வந்த 'ஸ்பிரிற் சைல்ட்' அதற்குச் சாட்சி.

இந்தத் தூய்மைவாதம் எமக்கும் புதியதல்ல. வி. வி. வைரமுத்துவின் 'மயான காண்டம்' ஊரூராக ஆடப்பட்ட காலத்தில், தமிழகத்து நாடகக் குழுக்கள் வழிவந்த ஆர்மோனிய இசைநாடகம் என்று அதனை ஒரு படி கீழே வைத்த படித்தவர் பலர். (நானும் அவர்களுள் ஒருவன்.) விடிய விடியக் கேட்ட சனம் அப்படி எண்ணவில்லை.

எமது ஒலிப்பதிவுகளுக்கு ஹவ்ஸ் போல் வெளியார் ஒருவர் வரவேண்டுமென்று காத்திருக்கிறோமா? 2005 இல் தொடங்கிய நூலகம் நிறுவனம் அச்சிட்டவற்றோடு ஒலிப்பதிவுகளையும் எண்ணிமப்படுத்துகிறது. ஆனால் ஒலியைப் பிரதி பண்ணுவது பாதி வேலை. யார் பாடினார், எந்தக் கோயில் முற்றம், உரிமை யாருடையது என்பதை அறிந்தவர்கள் ஸ்காபரோ முதியோர் மாடிகளில் இருக்கிறார்கள். வருடா வருடம் குறைகிறார்கள்.

என் வீட்டு நிலவறையில் அண்ணர் கொண்டுவந்த கூத்துக் கசற் ஒன்று கிடக்கிறது. உறையிற் கடையின் பெயர் மட்டும் கொட்டை எழுத்தில். பாடியவர் யாரென்று அண்ணரைக் கேட்டு எழுதிவைக்க எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. இப்போது கேட்க அவர் இல்லை.