கல்லட்டி ஏற்றத்தில் மிதிவண்டி

கயத்தாற்றுக் காற்றாலைகளைச் சுழற்றும் எதிர்காற்றைத் தவிர வேறு மேடு அறியாத பசுவந்தனைக் கரிசலின் மிதிவண்டிக் கால்களுக்கு, முதுமலை தேசியப் பூங்காவை ஒட்டிய மசினகுடியிலிருந்து 36 கொண்டை ஊசி வளைவுகளில், அதாவது சாலை தன்மேலேயே மடிந்து திரும்பும் முடக்குகளில், உதகையை நோக்கி ஏறும் கல்லட்டிச் சாலை வேறொரு பொறுமையைப் பழக்குகிறது. 2008இல் தொடங்கிய ‘டூர் ஆஃப் நீலகிரிஸ்’ மிதிவண்டிப் பயணத்தாலும் பெயர்பெற்ற இவ்வேற்றத்தில் வேகத்துக்கு மதிப்பு குறைவு. பின்சக்கரத்தின் பெரிய பல்வட்டுக்குச் சங்கிலி ‘களுக்’கென்று தாவியபின், மூச்சும் மிதியும் ஒரே தாளத்தில் இழைய, முடக்கின் உட்புறச் செங்குத்தை விட்டு வெளிவிளிம்பைப் பிடித்து ஏறுவதே (இடப்புறம் செல்லும் நாட்டில் எல்லா முடக்கிலும் அது வாய்க்காது) தேர்ச்சி எனலாம்.

மேலே செல்லச் செல்ல முட்புதர் வெக்கை விலகித் தைலமர வாசனை எழ, முதுகு வியர்வை சில்லிடுகிறது. உதகைக்கு ஏறும் மற்றொரு வழியான குன்னூர் மலைப்பாதையைவிட நீளம் குறைந்தாலும், செங்குத்து மிகுந்த இச்சாலையே மிதிவண்டிக்குக் கடினமானது.