மெர்லின் ஓட்டி தோற்றது பதற்றத்தாலா?

ஜமைக்காவின் மெர்லின் ஓட்டி வென்ற ஒலிம்பிக் பதக்கங்கள் 9. மூன்று வெள்ளி, ஆறு வெண்கலம்; தங்கம் ஒன்றுகூட இல்லை. அதனால் 'வெண்கல ராணி' என்ற பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. பெரிய மேடையில் நெஞ்சுரம் போதாதவர் என்ற தீர்ப்பு அந்தப் பெயருக்குள் இருக்கிறது. அவர் ஓடிய நேரங்களைப் பார்த்தால் அந்தத் தீர்ப்பு நிற்காது. 1993 ஸ்டுட்கார்ட் உலக சாம்பியன்ஷிப் 100 மீட்டரில் அவருக்கும் அமெரிக்காவின் கெய்ல் டெவர்ஸுக்கும் ஒரே நேரம்: 10.82 வினாடி. 1996 அட்லாண்டா ஒலிம்பிக்கிலும் இருவருக்கும் ஒரே நேரம்: 10.94. இரண்டு முறையும் ஃபோட்டோ ஃபினிஷ் படத்தைப் பார்த்து டெவர்ஸுக்கே தங்கம் தந்தார்கள். வினாடிக்குப் பத்து மீட்டர் வேகத்தில் வருபவருக்கு ஆயிரத்தில் ஒரு வினாடி என்பது ஒரு சென்டிமீட்டர்தான். டெவர்ஸ் தடை ஓட்டத்திலும் உலக சாம்பியன். துப்பாக்கி வெடித்ததும் சீறிப் பாய்பவர். ஓட்டியின் பலமோ பிற்பாதி. கடைசி முப்பது மீட்டரில் விட்டதைப் பிடிப்பவர். நூறு மீட்டர் அந்த ஓட்டத்துக்குச் சற்றே குறைவான தூரம். இது உடல்வாகும் ஓட்ட முறையும் சார்ந்தது, மனத்தின் பலவீனம் அல்ல. ஸ்டுட்கார்ட்டில் அப்படித் தோற்ற சில நாட்களிலேயே 200 மீட்டரை 21.98 வினாடியில் ஓடி, க்வென் டாரன்ஸை 0.02 வினாடியில் முந்தித் தங்கம் வென்றார். மனம் உடைந்தவரால் ஆகிற காரியமா இது?

1991 டோக்கியோ உலக சாம்பியன்ஷிப்பைக் காட்டி மறுப்பவர்கள் உண்டு. அவர்கள் சொல்வதில் நியாயமும் இருக்கிறது. அங்கே 200 மீட்டரில் 22.21 ஓடி மூன்றாவதாக வந்தவர், சில வாரங்களிலேயே பிரஸ்ஸல்ஸில் 21.64 ஓடினார். டோக்கியோவில் எதிர்க்காற்று அடித்தது உண்மை. ஆனால் அது எல்லோருக்கும்தான் அடித்தது. அன்று அவர் தன் தரத்துக்கு ஓடவில்லை. 1995 கோதன்பர்க் தங்கமும் முதலில் வந்த டாரன்ஸ் தடக்கோட்டை மிதித்துத் தகுதியிழந்ததால் கிடைத்தது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு மோசமான வாரத்தை எடுத்து இருபது ஆண்டுகளின் குணமாக்கிவிட முடியாது. 1993இல் லியேவினில் அவர் ஓடிய 21.87தான் உள்ளரங்கு 200 மீட்டரில் இன்றும் உலக சாதனை.

இன்னொரு கேள்வி 1999இன் நாண்ட்ரோலோன் ஊக்கமருந்துப் பரிசோதனை. அதில் சர்வதேசத் தடகளச் சம்மேளனத்தின் நடுவர் குழு 2000இல் அவரை விடுவித்தது. வாதத்தை அந்த முடிவிலிருந்துதான் தொடங்க வேண்டும். அதே ஆண்டு, நாற்பது வயதில், சிட்னி ஒலிம்பிக் 100 மீட்டர் இறுதியில் 11.19 ஓடி நான்காவதாக வந்தார். முதலில் வந்த மரியன் ஜோன்ஸ் ஊக்கமருந்தை ஒப்புக்கொண்டு பதக்கத்தை இழந்தார். 2009இல் அந்த ஓட்டத்தின் வெண்கலம் ஓட்டிக்கு வந்தது. அதற்குள் அவர் ஸ்லோவேனியாவின் குடியுரிமை பெற்று, 44 வயதில் ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டர் அரையிறுதி வரை ஓடிவிட்டார். பதக்கப் பட்டியல் ஒன்பது ஆண்டு தாமதமாகச் சொன்னதை, 11.19 என்ற நேரம் சிட்னியில் அன்றே சொல்லியிருந்தது.